நெற்றியில் விழுந்த வெள்ளை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் தேரடித் தெருவில் வைத்திலிங்கத்தின் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போன பெண்கள் யாரும் பெரியநாயகியின் நெற்றியைப் பார்க்காமல் திரும்பியதில்லை. கடைக்கு எந்தப் புதுப் பொட்டு வந்தாலும் முதலில் ஏறுவது அவள் நெற்றியில்தான். அகலமான நெற்றி, மாநிறம், எந்தப் பொட்டு வைத்தாலும் எடுப்பாக இருக்கும். "இது என்னா டிசைன், நல்லாருக்குதே" என்று ஒருத்தி கேட்டு வாங்கினால், பக்கத்தில் நிற்கிறவளும் ஒரு அட்டை எடுப்பாள். வைத்திலிங்கம் இதை அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கண்டுகொண்டார். புதுச் சரக்கு வந்ததும் ஒரு அட்டையைப் பிரித்து, "நாயகி, இத நீ வச்சிக்க" என்று நீட்டிவிடுவார். அதற்குக் காசு கேட்கமாட்டார்.

பெரியநாயகி எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. கூட்ட நேரத்தில் எந்தக் கை எந்த வளையலை மடியில் செருகும் என்று கவனிப்பதே அவள் வேலையில் பாதி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் ஊற்றும்போது அளவைப் பார்ப்பாள், கேஸ் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். புருஷன் காத்தவராயன் பண்ருட்டி பலாப்பழத்தைப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் ஏற்றிப் போகும் லோடு வண்டி டிரைவர். அவர் கொண்டுவரும் பலாப்பழத்தைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள். "எமன் வந்தாலும் அடையாள அட்டை கேப்பா எம் பொண்டாட்டி" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள் இசைவாணி டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள், நெற்றியில் ஒட்டிய பொட்டை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

2008-இல் 'செவ்வல்லி' என்று ஒரு பொட்டு வந்தது. வியர்வைக்கு விழாது, முகம் கழுவினாலும் வராது என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். உண்மையிலேயே விழவில்லை. பெரியநாயகி ஒரு பொட்டைப் பல நாள் வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் அதைப் பிய்த்து எடுத்தபோது நடு நெற்றியில் அரிசி அளவுக்கு வெளுப்பு தெரிந்தது. பசை ஒட்டியிருக்கிறது என்று தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மறைக்க அதே இடத்தில் அடுத்த பொட்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வெளுப்பு வளர்ந்தது. பொட்டின் ஓரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், அதே செவ்வல்லியில் பெரிய அளவு எடுத்து வைத்தாள். அதையும் தாண்டியபோது இன்னும் பெரியது. மொதலாளி சும்மா கொடுத்தது சின்னப் பொட்டுதான். பெரிய அளவை அவரிடம் கேட்டால் ஏன் என்று கேட்பாரே என்று பயந்து, தன் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மறைக்க வைத்த பொட்டுதான் அதை வளர்க்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

முதலில் கண்டுபிடித்தது காத்தவராயனின் அக்கா ராசம்மாள், அடுத்த தெருவில் இருப்பவள். வெயிலில் வந்த பெரியநாயகி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பொட்டு துண்டோடு வந்துவிட்டது. வாசலில் நின்ற ராசம்மாள் பார்த்தாள். "வெயிலு ஜாஸ்தியா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அதற்கடுத்த வாரம் வந்தபோது பெரியநாயகி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம் நாயகி. இப்பதான் குடிச்சிட்டு வந்தன்."

மறுபடி வந்தபோதும் அதே பதில். இத்தனை வருஷத்தில் ராசம்மாள் இந்த வீட்டில் காபி வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. பெரியநாயகி டம்ளரைத் திருப்பி எடுத்துப் போய்க் காபியைத் தொட்டியில் கொட்டினாள். ராசம்மாள் வெண்குஷ்டம் என்று நினைத்துவிட்டாள், நம் டம்ளரைத் தொட அருவருக்கிறாள் என்று உள்ளே நெருப்பு மாதிரி எரிந்தது. அந்தச் சமயத்தில்தான் இசைவாணிக்குப் பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி வீட்டு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சை எடுத்தவளே ராசம்மாள்தான். வருகிறேன் என்று சொல்லியிருந்தவர்கள் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. பெரியநாயகி இரண்டையும் சேர்த்து, ராசம்மாள்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கடலூரிலேயே போகலாம். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் கடைக்கு வரும் பெண்களாக இருப்பார்கள். அதனால் சரக்குப் பார்க்கப் போவதாக வீட்டில் ஒரு பொய்யும், தலைவலி என்று கடையில் ஒரு பொய்யும் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள். ரயில் பாதையை அகலப்படுத்தும் வேலை நடந்ததால் அப்போது ரயில் ஓடவில்லை, பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெரியநாயகி சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, முட்லூர் தாண்டும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

தோல் டாக்டர் இளம்வயதுப் பெண், பெயர் பிரிசில்லா. பொட்டை எடுக்கச் சொல்லி நெற்றியைப் பார்த்தாள். பிறகு கை, கால், கழுத்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்குதாம்மா? அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க?"

"யாருக்கும் கெடையாது." டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் பெரியநாயகி சொன்னாள்.

"கோச்சுக்காதீங்க. எல்லாரையும் கேக்கறதுதான். எந்தப் பொட்டு வைக்கிறீங்க, அட்டை இருக்கா?"

பெரியநாயகி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் பொட்டின் பின்பக்கத்தை விரலில் ஒட்டிப் பார்த்தாள்.

"இது நோயா இருக்காதுன்னு நெனைக்கிறேன். சில பொட்டுப் பசையில இருக்கிற கெமிக்கல் தோலோட நிறத்த அழிச்சிடும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. இது ஒட்டிக்காது, உங்க பிள்ளைங்களுக்கு வராது. ஆனா சும்மா சொல்லக்கூடாது. டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்களா டாக்டர்?"

"ஆறுதலுக்குன்னா நிறம் திரும்ப வந்துடும்னு சொல்லியிருப்பேனே. அது வரலாம், வராமயும் போகலாம். அத நான் சொல்ல முடியாது."

அந்தப் பதிலில் பெரியநாயகிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. முதுகில் அந்தப் பொட்டையும் வேறு இரண்டு கம்பெனிப் பொட்டையும் வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டி, தண்ணீர் படாமல் இருந்து இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

இரண்டாம் முறை போனபோது பிளாஸ்திரியைப் பிரித்த டாக்டர், "செவ்வல்லி ஒட்டுன இடம் மட்டும் செவந்திருக்கு. மத்த ரெண்டும் ஒண்ணும் பண்ணல" என்றாள். எழுதிக் கொடுத்த களிம்புச் சீட்டோடு பெரியநாயகி வெளியே வந்தபோது, வரிசையின் கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் தலைப்பை நெற்றிக்கு இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சேலையைப் பெரியநாயகிக்குத் தெரியும். மொதலாளி வைத்திலிங்கத்தின் மனைவி ராமாமிர்தம்.

மொதலாளி நம்மை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்றுதான் பெரியநாயகிக்கு முதலில் தோன்றியது. ராமாமிர்தத்தின் முகத்திலும் அதே மாதிரி ஒரு மிரட்சி.

"என்னாக்கா, இவ்ளோ தூரம்?"

"மூட்டுவலி. நீ?"

"எனக்கும் மூட்டுவலிதாங்க்கா."

இருவர் தலைக்கும் மேலே தோல் நோய்ப் பிரிவு என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ராமாமிர்தம் அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலைப்பை விலக்கினாள். காசு அகலத்துக்குக் குங்குமம் அப்பியிருந்தது, அதன் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது.

பக்கத்து டீக்கடையில் நின்றபடி ராமாமிர்தம் சொன்னாள். "ரொம்ப மாசமா இருக்குது. நானும் அதே பொட்டுதான், கடையிலேருந்து வந்ததுதான. அவருக்குத் தெரியாது நாயகி. குளிச்சதும் குங்குமம் வச்சிக்கிட்டுத்தான் வெளிய வருவன். தெரிஞ்சா என்னா நெனைப்பாரோ. பொண்ண கட்டிக் குடுத்த எடத்துல தெரிஞ்சா அவ பாடு என்னா ஆவறது? நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்க்கா."

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு மனசு நிற்கவில்லை. தினமும் ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்குப் பெண்டாட்டி நெற்றி தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தால், தெரிந்துகொண்டே என் நெற்றியில் ஒட்டினாரா? அன்றிலிருந்து கடையில் அவள் கண் மொதலாளியை விட்டு அகலவில்லை. நெற்றி அரிக்கிறது என்று ஒரு பெண் செவ்வல்லி அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வைத்திலிங்கம் "வெயிலுக்கும்மா" என்று சொல்லி வேறு அட்டை கொடுத்தார். திருப்பி வந்ததை மறுபடி ஸ்டாண்டிலேயே மாட்டினார். பெரியநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள்.

டாக்டர் ஒரு பெயர் சொல்லியிருந்தாள். மஞ்சக்குப்பத்தில் அந்தோணிசாமி, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நுகர்வோர் சங்கம் நடத்துகிறார் என்று. பெரியநாயகி அவர் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டாள்.

"நீங்க ஃபீஸ் வாங்கறதில்லன்னாங்க. அப்ப இதுல ஒங்களுக்கு என்னா சார்?"

அந்தோணிசாமி கோபப்படவில்லை. "வூட்டுல சும்மா ஒக்காந்தா பொண்டாட்டி காய் நறுக்கச் சொல்றாம்மா. அதுக்கு இது தேவல."

அவள் அதை நம்பவில்லை. பேப்பரில் தன் பேர் வருவதற்காகச் செய்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டாள். சுவரில் பேப்பர் துண்டுகளை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்ததும் அதற்கு ஏற்றாற்போல் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது நேராக இருந்தது.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுல போடலாம். நஷ்ட ஈடு பெருசா எதிர்பாக்காதீங்க. உயிர் போகல, கை கால் போகல. சின்னக் காயம்னுதான் பாப்பாங்க. கம்பெனிக்காரன் இது ஒங்க ஒடம்புக் கோளாறுன்னு சொல்லுவான். டாக்டர் டெஸ்ட் இருக்குது, அது நமக்குப் பலம். ஆனா நீங்க வாங்குனதுக்கு ரசீது வேணும். ஓசியில குடுத்தத வச்சிக்கிட்டன்னு சொன்னா நீங்க வாங்குனவங்களே இல்லம்பான்."

"பெரிய பொட்டுக்கெல்லாம் காசு போட்டன் சார். பில்லு போடல. கடையில நிக்கறவளே நான், எனக்கு நானே பில்லு போட்டுக்குவனா?"

"அப்ப ஒங்க மொதலாளிகிட்ட காசு குடுத்து வாங்குனதா ஒரு வரி எழுதி வாங்குங்க. கேஸ் போடறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கலாம்."

வீட்டில் காத்தவராயனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் நெற்றியைப் பார்த்திருந்தார். கேட்டால் வருத்தப்படுவாள் என்று கேட்காமல் இருந்திருக்கிறார். அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வேணாம் நாயகி. கோர்ட்டுன்னு போனா பேப்பர்ல வரும். பண்ருட்டிக்காரங்க படிப்பாங்க. பொண்ண வச்சிக்கிட்டு நம்மளே தம்பட்டம் அடிக்கலாமா?"

"படிக்கட்டும்பா" என்றாள் இசைவாணி. "இப்ப மட்டும் என்னா நெனைக்கிறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பெரியநாயகியால் முடிவுக்கு வர முடியவில்லை. வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றும். ராசம்மாள் காபியை மறுத்தது நினைவு வந்தால் போடவேண்டும் என்று தோன்றும். இப்படியே சில வாரம் போயிற்று. கடைசியில், எதற்கும் அந்த ஒரு வரியை வாங்கி வைப்போம் என்று ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "பொட்டுக்கு ரசீதா? இத்தன வருசத்துல நீ எங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கேட்டதில்லியே. யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல மொதலாளி."

"நெத்திய ஏன் மறைச்சிக்கிட்டே நிக்கிற?"

அவள் களிம்பு தடவிய நெற்றியில் கொஞ்ச நாளாகச் சந்தனம் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ராமாமிர்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்தாள். அதில் இருந்தது ஆச்சரியமா, ஆச்சரியப்படுகிற மாதிரி நடிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கடைக்குப் போனால் ஸ்டாண்டில் ஒரு செவ்வல்லி அட்டைகூட இல்லை. அந்த வாரக் கடைசியில் கம்பெனி ஆள் ஒருவர் காரில் வந்து இறங்கினார். நல்ல செண்ட் வாசனை, இஸ்திரி கலையாத சட்டை. வைத்திலிங்கம் பெரியநாயகியை உள்ளறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு உறையும் டைப் அடித்த ஒரு தாளும் இருந்தன.

"ஒங்க மேல கம்பெனிக்கு ரொம்ப மரியாதைம்மா" என்றார் வந்தவர். "எங்க பொட்ட லட்சக்கணக்கான பொம்பளைங்க வைக்கிறாங்க. ஒருத்தருக்கும் எதுவும் வந்ததில்ல. ஒங்களுக்கு மட்டும் வருதுன்னா ஒங்க ஒடம்பு வாகு. இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில ஒரு உதவி. இதுல ஒரு கையெழுத்து."

"வாங்கிக்க நாயகி, பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்" என்றார் வைத்திலிங்கம்.

ஒருத்தருக்கும் வந்ததில்லையாம். ராமாமிர்தத்தின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த ஆள் வாயை அங்கேயே அடைத்துவிடலாம். டீக்கடையில் அந்த அம்மாள் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டுத் தாளை எடுத்துப் படித்தாள். எட்டாவதுவரை படித்தவள், நிதானமாகவே படிப்பாள். நடுவில் ஒரு வரி, 'மேற்படி நிறமாற்றம் எனக்குப் பரம்பரையாக உள்ளது.'

"பரம்பரைன்னா எம் பொண்ணையும் சேத்துத்தான?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. யாரும் படிக்கப்போறதில்ல."

"யாரும் படிக்காததுக்கு எதுக்கு சார் கையெழுத்து?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவளுக்கு விஷயம் தெளிந்தது. இத்தனை நாளும் கேஸ் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று யோசித்திருந்தாள். ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. பார்த்துத் தானாக ஒரு பேரும் வைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பேர் நிலைக்கும். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அதை அவளே எழுதிக் கொடுத்ததாகிவிடும், இசைவாணி தலையிலும் சேர்த்து. இல்லை என்று யாராவது ஒருவர் பெரிய இடத்திலிருந்து சொல்லவேண்டும். தாளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் கேஸ் போடறன் மொதலாளி."

வைத்திலிங்கம் அவளை வேலையில் வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியோடு தன் பேரும் எதிர்மனுதாரராக வந்த நோட்டீசைப் பார்த்ததும், "எம்மேலயே கேஸ் போட்டவள கல்லாவாண்ட எப்பிடி வச்சிக்கறது, நீயே சொல்லு" என்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ரெடிமேட் கடையில் சேர்ந்தாள். அங்கே சம்பளம் இன்னும் குறைவு, நாள் முழுக்க நிற்கவேண்டும். அங்கேயும் முதலாளியம்மா அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, குழந்தைத் துணிப் பக்கம் போகவேண்டாம் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

கேஸ் இழுத்தது. வாய்தா, வாய்தா என்று ஒரு வருஷம் ஓடிற்று. ஒரு விசாரணையில் கம்பெனி வக்கீல் அவள் அப்பா, அம்மா, தாத்தா யாருக்கெல்லாம் வெள்ளை இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றாள். அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இசைவாணியைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இசைவாணி நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வக்கீலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பினார்.

வைத்திலிங்கம் தன் பதிலில், அந்தப் பொட்டைப் பற்றித் தனக்கு எந்தப் புகாரும் வந்ததில்லை என்றும், பெரியநாயகி காசு கொடுத்து வாங்கியது தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார். "இது இருக்கறவரைக்கும் கஷ்டம்தாம்மா" என்றார் அந்தோணிசாமி.

2010-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்திலிங்கம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காத்தவராயன் நாற்காலி போட்டார். வைத்திலிங்கம் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"எங்க வூட்டு அம்மாவுக்கும் அது இருக்குது. நேத்துதான் எனக்குத் தெரியும். வழுக்கி விழுந்துட்டா, தூக்கி மூஞ்ச தொடச்சப்ப பாத்தன்." பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஒனக்கு முன்னாடியே தெரியுமாம், சிதம்பரத்துல பாத்தியாம். அந்தக் கம்பெனிக்காரன் என் எதிரவே ஒருத்தருக்கும் வந்ததில்லன்னு சொன்னான். நீ ஏன் சொல்லல?"

"சொல்லவேணாம்னு அக்கா கேட்டுக்கிட்டாங்க."

"நான் ஒரு வருசமா ஒனக்கு எதிரா எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கறன்."

பெரியநாயகி இதிலும் ஏதாவது இருக்குமோ என்று அவர் கண்ணைப் பார்த்தாள். தெரிந்து செய்தார் என்று இத்தனை காலம் நினைத்தது பொய்யாகிறதா, அல்லது இதுவும் ஒரு பேச்சா? அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அதைக்கூட அவளால் முழுசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாய்தாவில் வைத்திலிங்கம் பதிலை மாற்றிக் கொடுத்தார். புகார்கள் வந்ததுண்டு, பெரியநாயகி காசு போட்டு எடுத்ததும் உண்டு, தன் மனைவிக்கும் அதே பாதிப்பு என்று எழுதியிருந்தார். ராமாமிர்தம் சிதம்பரம் டாக்டரின் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். பெரியநாயகி அந்தோணிசாமியிடம், "மனசு மாறிட்டாரா சார்?" என்று கேட்டாள்.

"மாறியிருக்கலாம். தப்பு கம்பெனிமேல போனா கடைக்காரர்மேல வராது, அதுவும் அவருக்குத் தெரியும். எதுவா இருந்தா நமக்கென்னா, கைக்கு வந்தத எடுத்துக்கங்க."

இதற்கு நடுவில் ராசம்மாள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெரியநாயகி போகவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனாள். ராசம்மாளுக்குச் சர்க்கரை வியாதி, இரண்டு மூன்று வருஷமாக.

"அதனாலதான் காபி வேணாம்னிங்களா அண்ணி?"

"பின்ன? நீ சக்கரைய அள்ளிப் போடுவ. வேணாம்னு சொன்னா ஏன்னு தோண்டுவ. இந்த வயசுல நோய்க்காரின்னு பேரு வேணுமா எனக்கு?"

"நான் வேற நெனச்சிட்டன்."

"என்னா நெனச்ச?"

பெரியநாயகி போர்வையை இழுத்துவிட்டாள். "பண்ருட்டிக்காரங்க ஏன் வரல அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை சென்னையில் எவளையோ கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றுவிட்டான், சொல்லச் சங்கடப்பட்டு இருந்துவிட்டேன் என்றாள் ராசம்மாள். அது உண்மையாக இருக்கலாம். பெரியநாயகி காபி விஷயத்தை நம்பிவிட்டாள். இதைப் பாதி நம்பினாள்.

2011-இல் தீர்ப்பு வந்தது. கம்பெனி நஷ்ட ஈடும் செலவும் கொடுக்கவேண்டும், பாதிப்பு பொட்டுப் பசையால் வந்தது, பரம்பரை என்பதற்கு ஆதாரம் இல்லை. அன்று கம்பெனி ஆள் உறையில் வைத்து நீட்டியதைவிடத் தொகை குறைவுதான். காத்தவராயன் அதைச் சொல்லிச் சிரித்தார். பெரியநாயகி அந்தோணிசாமியிடம் பரம்பரை பற்றிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். சுவரில் மாட்ட ஒரு பேப்பர் துண்டு கிடைக்குமே என்று அவரைக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள். பணம் வந்த அன்று அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுக்கப் போனாள். அவர் வாங்கவில்லை. அதற்கும் காரணம் என்னவாக இருக்கும் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

நிறம் முழுசாகத் திரும்பவில்லை. வெள்ளையின் நடுவே புள்ளி புள்ளியாக மாநிறம் எழும்பி, ஓரங்கள் கொஞ்சம் உள்வாங்கின. களிம்பை நிறுத்திவிட்டாள். நெற்றியை மறைப்பதையும் நிறுத்திவிட்டாள். பிடித்தால் திருநீறு, இல்லாவிட்டால் வெறும் நெற்றி. கடைக்கு வரும் பெண்கள் உற்றுப் பார்த்தால், "பொட்டால வந்தது, நீங்க எந்தப் பொட்டு வைக்கிறீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று அவளே கேட்டுவிடுவாள். சிலர் எடுத்துக் காட்டுவார்கள், சிலர் நகர்ந்துவிடுவார்கள்.

தீர்ப்பு வந்த வருஷக் கடைசியில் கடலூரைப் புயல் அடித்துப் போட்டது. அதற்கடுத்த வருஷம், பரங்கிப்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்த இசைவாணியைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததிலிருந்து பெரியநாயகியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தவராயன் பேச்சை மழைக்குத் திருப்பப் பார்த்தார். பெரியநாயகி அவரைக் கையமர்த்திவிட்டு, பொட்டு, டாக்டர், கோர்ட்டு, தீர்ப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அந்த அம்மாள் கேட்டு முடித்ததும் தன் நெற்றிப் பொட்டை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எவ்ளோ குடுத்தாங்க?" என்றாள்.

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. இது வெறும் விசாரிப்பா, கல்யாணப் பேச்சுக்குக் கணக்குப் போடுகிறாளா என்று பெரியநாயகியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கம்மிதான். மொதல்ல காபி எடுத்துக்கங்க" என்று தட்டை முன்னால் நகர்த்தினாள்.